கொர்ர் நைனாவும் வண்டி விளக்கும்

உலகத்து இரைச்சல் முழுவதும் எங்கள் தெருவில்தான் தயாராகி வெளியூர்களுக்குப் போகிறது என்று மனதார நம்பிய ஒரே மனிதர் கொர்ர் நைனா. மலை மேல் ஒலிபெருக்கி, கீழே பஸ் ஹாரன், ஆடிக் கிருத்திகை வந்தால் ஊர் முழுக்க அரோகரா. திருத்தணியில் இருந்துகொண்டு இது எதுவும் அவர் காதில் விழாது. ஒரு சின்ன ரேடியோவுக்குள் ‘கொர்ர்ர்’ என்று கேட்கும் சத்தம்தான் அவருக்கு ஜென்மப் பகை. சொந்தப் பேர் ஏதோ இருந்தது. அதைச் சொல்லி அவரைத் தேடி வந்தவர்களைத் தெருவே ‘அப்படி யாரும் இல்லையே’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறது.

பழைய வேன் ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுபடை வீட்டுக்கும் திருப்பதிக்கும் பக்தர்களை ஏற்றிப்போய் வந்தவர். மனைவி ருக்குமணி அக்காவுக்குச் சர்க்கரை முற்றி இரண்டு கண்ணும் போயின. பிறகு வலது காலில் விரல்கள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. நைனா சவாரியை விட்டுவிட்டார். குடியிருந்தது மாடி போர்ஷன், அக்காவால் படி ஏற முடியாது, அடிக்கடி சென்னை ஆஸ்பத்திரிக்கு வேறு ஓட வேண்டும். சீட்டுகளைக் கழற்றி எறிந்தார். உள்ளே ஒரு கட்டில் போட்டு, கூரையில் எல்இடி பட்டை விளக்கு ஒட்டி, எங்கள் வீட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்தி, அதிலேயே குடித்தனம் ஆரம்பித்துவிட்டார்.

அக்கா ஆந்திராவில் நகரிப் பக்கத்துப் பெண். பொழுது சாய்ந்ததும் ஆந்திரா ஸ்டேஷனில் தெலுங்குப் பாட்டு வைப்பார்கள். மீடியம் வேவில் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி சன்னமாக, கொர்ர் என்ற இரைச்சலோடு வரும். செல்போன் அவருக்குச் சரிப்படவில்லை, கண் இல்லாதவருக்குத் தடவிப் பார்க்க ஒரு திருகு வேண்டுமே. ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்பார். அந்தச் சுருக்கத்தை நைனா ஒருநாள் பார்த்துத் தொலைத்தார். அதோடு எங்கள் நிம்மதி போயிற்று.

“சாயங்காலம் ஆனாத்தான் கொர்ருங்குது. நீங்கல்லாம் லைட்டு போடற நேரம். அப்போ யார் வேல இது?” என்று ரேடியோவும் கையுமாக வீடு வீடாகப் புகுந்தார். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பது மாதிரி ஃபிரிட்ஜ் மேல் வைப்பார், டிவி மேல் வைப்பார், சுவரில் வைப்பார். என் மிக்ஸியைப் பார்த்து, “இது மிக்ஸி இல்லமா, கொலகாரன்” என்றார். அந்தக் கொலைகாரனில்தான் அக்காவுக்கும் சேர்த்துச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் மூடியைத் திறந்து காட்டினேன். அதையும் அவர் ரேடியோ வைத்துப் பரிசோதித்தார்.

கோடி வீட்டுப் பெரியவர் இறந்தபோது நடந்ததுதான் உச்சம். ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நைனா மாலையோடு வந்தார், சந்தோஷப்பட்டோம். மாலையைப் போட்டுவிட்டு இடுப்பிலிருந்து ரேடியோவை எடுத்துப் பெட்டியோரம் வைத்தார். கொர்ர்ர்! பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பெரியவரின் மகன் பதறி ஓடி வந்தான்.

“இன்னா நைனா பண்றீங்க?”

“டெஸ்ட் பண்ணிகினு கீறேன்பா. உங்கப்பாவுக்கு இன்னா அவசரம், இரு.”

அடிக்காமல் விட்டார்கள். அன்றைக்கு அழுதுகொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் சிரிப்பை மறைக்கத்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் தெருவுக்கே கரண்ட் போயிற்று. மிக்ஸி, ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாம் ஓய்ந்துவிட்டன. வேனில் மட்டும் பேட்டரி விளக்கு எரிகிறது. ரேடியோ அப்போதும் ‘கொர்ர்ர்’ என்கிறது. நாங்கள் அத்தனை பேரும் வண்டியைச் சுற்றி நின்றோம். நான்தான் உள்ளே கையை விட்டு விளக்கை அணைத்தேன். ஒரு தெலுங்குப் பாட்டு, கழுவித் துடைத்த மாதிரி வந்தது.

“திருடன் வீட்டுக்குள்ளயே கீறான் நைனா” என்றார் யாரோ. நைனா இருட்டில் நின்றுகொண்டிருந்தார். பாவமாக இருந்தது, கொஞ்சம் ஆனந்தமாகவும் இருந்தது.

பாட்டு நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டால் ஆயிற்று என்று நாங்கள் முடிவு சொல்லிவிட்டோம். ஆனால் அதுதான் அக்கா காலுக்கு நைனா கட்டு மாற்றும் நேரம். தினமும் நல்ல வெளிச்சத்தில் பாதத்தைப் பார்க்கணும், சர்க்கரைப் புண் வலித்துச் சொல்லாது, கறுத்துத்தான் சொல்லும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நைனா விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டுப் போட்டார். சில நாள் பாட்டு அருமையாகக் கேட்டது. அந்தச் சில நாளில் சுண்டுவிரல் பக்கத்தில் கறுத்ததை அவர் பார்க்கத் தவறினார். இன்னொரு விரலை எடுத்துவிட்டார்கள்.

“போனா போவுது, நான் இன்னா ஓட்டப் பந்தயமா ஓடப் போறேன்?” என்றார் அக்கா. நைனா அதற்குச் சிரிக்கவில்லை. விளக்கும் எரிய வேண்டும், பாட்டும் கேட்க வேண்டும் என்று பைத்தியம் பிடித்தவர் மாதிரி அலைய ஆரம்பித்தார்.

அரக்கோணத்தில் வண்டிக்கு ஒயரிங் பார்க்கும் ஒரு பாய் இருந்தார். அவரிடம் போய் நின்றார். “விளக்குல கீற சின்ன டப்பா கரண்ட்ட விட்டு விட்டுத் தள்ளுது நைனா, அதான் கொர்ருங்குது. உங்க ஒயருங்க நீட்டா ஓடுது பாருங்க, அது ஏரியல் மாதிரி வேல செய்யுது. ரெண்டையும் ஒண்ணா முறுக்குங்க. டப்பாகிட்ட காந்த வளையம் மாட்டி அதுல சுத்துங்க. பழைய கம்ப்யூட்டர் கேபிள்ல கருப்பா உருண்டையா இருக்கும், அதுதான்.”

இதைக் கேட்டு வந்த பிறகு ஊரில் ஒரு கம்ப்யூட்டருக்கும் பாதுகாப்பு இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஓடிக்கொண்டிருந்த மானிட்டரின் கேபிளையே நறுக்கிவிட்டார். “ஓடிகினு கீதுன்னு எனக்கு எப்டிபா தெரியும்? நீ அது எதிர்ல தூங்கிகினு இருந்த” என்று கடைக்காரரையே குற்றவாளியாக்கிவிட்டு வந்தார்.

முறுக்கினார், சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். ஒருநாள் மாலை விளக்கு பளிச்சென்று எரிய, பாட்டு தெளிவாகக் கேட்டது. ஒரு சின்னக் கொர்ர் கூட இல்லை. தெருவுக்கே ஜிலேபி கொடுத்தார், சர்க்கரை வியாதிக்காரர் வீட்டு ஜிலேபி! அக்காவுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

மறுநாள் அக்காவுக்குத் தலை பின்னிவிடப் போனேன்.

“அக்கா, இப்ப நல்லா கேக்குதா?”

“ஆங், கேக்குது.” குரலில் சுரத்தே இல்லை.

“பின்ன ஏன் இப்படி இருக்கீங்க?”

“அந்தாளு வந்தாரா, வரலையான்னு தெரிய மாட்டேங்குதே” என்றார். “முன்ன லைட்டப் போட்டா கொர்ருங்கும். சரி, வந்துட்டாரு, எதிர்லதான் குந்திகினு கீறாருன்னு நெனச்சிப்பேன். இப்ப கால்ல கை பட்டாத்தான் தெரியுது. திக்குங்குது.”

“அப்போ சத்தம் எங்கேருந்து வருதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாம? சொன்னா நிறுத்திடுவாரே. என்னாண்ட அவர் பேசறதே அது ஒண்ணுதான்.”

தெரு முழுக்கத் தொண்டை கிழியப் பேசுகிற மனிதர் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசி நானும் கேட்டதில்லை. நேரே போய் நைனாவைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஏறும்போது ‘வந்துட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து கொட்டிவிடுமா என்று கேட்டேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “இன்னா பேசறதுமா? கண்ணு எப்டி கீதுன்னு கேக்கறதா? எதப் பேசனாலும் அவ கண்ணுலயும் கால்லயுமே வந்து நிக்குது.”

அடுத்த நாள் அவர் பேசினார் என்றா நினைக்கிறீர்கள்? ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். காந்த வளையத்தில் ஒயரின் ஒரு சுற்றை மட்டும் பிரித்துவிட்டார். விளக்கைப் போட்டதும் பாட்டுக்கு அடியில் பூனை மாதிரி லேசாகக் ‘கொர்ர்’ என்றது. அக்காவின் முகம் வண்டி ஓரம் திரும்பியது, சரியாக அவர் நின்ற பக்கம். “கொஞ்சமா வெச்சிகீறேன்மா. பாட்டுக்குத் தொந்தரவு இல்ல” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அந்த மனுஷனைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

விளக்கும் பாட்டும் இருந்தும் கால் புண் நிற்கவில்லை. விரலில் இருந்து பாதம், பாதத்திலிருந்து முழங்கால் என்று ஏறியது. மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

அமரர் ஊர்தி வேண்டாம் என்று நைனா சொல்லிவிட்டார். அந்த வேனிலேயே, அந்தக் கட்டிலிலேயே அக்காவைப் படுக்கவைத்தார்கள். ஓட்டுவதற்கு வேறு ஆள் ஏறப் போனான். நைனா அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டுப் பின்பக்கமாக வந்தார். கதவோரம் அழுதுகொண்டிருந்த எங்களைப் பார்க்கவில்லை. உள்ளே குனிந்தார்.

“ருக்கு, நான்தான் வண்டிய ஓட்டறேன். பயப்படாத” என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், அவர் நகரவில்லை. அக்காவுக்குக் கேட்டிருக்கும், போய் ஏறுங்க நைனா என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.