முறுக்கில்லாத மாப்பிள்ளை

தலை நிறைய சோப்பு நுரையோடு நின்ற மாப்பிள்ளையின் காதில், குளியலறை ஜன்னல் வழியாக மாமனாரின் குரல் விழுந்தது.

"குதிரை சக்தி இருக்குங்க, இல்லேன்னு சொல்லலை. முறுக்குதான் இல்லை."

"அப்படின்னா?" என்றது பழக்கமில்லாத ஒரு குரல்.

"சமதரையில பறக்கும். மேடு வந்தா திணறும். பாரம் ஏத்தினா நின்னுடும். சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். என் பொண்ணுக்கு ஒத்து வராது. மாத்திடலாம்னு பாக்கிறேன்."

"யோசிச்சு வைங்க. சாயங்காலம் வர்றேன்."

மாமனார் பஸ் பணிமனையில் இஞ்சின்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். மனுஷர்களையும் அந்தத் தராசில்தான் நிறுப்பார். சொந்த மச்சானையே 'புகை தள்ளுற கேஸ்' என்று ஒதுக்கி வைத்தவர். ஆகவே மாப்பிள்ளைக்குச் சந்தேகமே எழவில்லை. மாற்றப்படப் போவது தான்தான்.

முறுக்குதானே வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட மாப்பிள்ளை முறுக்கைக் காட்டாமல் விட்டது தன் பிசகு என்று முடிவு கட்டினார். சாப்பிட உட்கார்ந்ததும் தட்டைத் தள்ளி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம்."

"வயிறு சரியில்லையா மாப்பிள்ளை? அப்போ பட்டினி போட்டாத்தான் கேக்கும்" என்று மாமியார் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மத்தியானமும் கூப்பிடவில்லை.

முறுக்கிக்கொண்டதில் பசிதான் மிச்சம். போகட்டும், பாரமாவது இழுத்துக் காட்டுவோம் என்று கூடத்து இரும்பு பீரோவைக் கட்டிப் பிடித்தார்.

"இதை மாடிக்குக் கொண்டு போறேன்."

"ஐயோ, உள்ளே துணியெல்லாம் இருக்கு!" என்றாள் மனைவி.

"இருக்கட்டும்."

பாதிப் படி வரைக்கும் பீரோ மரியாதையாக வந்தது. அப்புறம் அதற்கு மனசு மாறிவிட்டது. கீழே வந்து சேர்ந்தபோது பீரோ நின்றுகொண்டிருந்தது, மாப்பிள்ளை படுத்துக்கொண்டிருந்தார்.

மாமனார் மகளைப் பார்த்தார். "மேடு" என்று மட்டும் சொன்னார்.

சோபாவில் குப்புறக் கிடந்த மாப்பிள்ளையின் முதுகில் மனைவி தைலம் தேய்த்தாள். அவர் உடைந்துபோனார்.

"உங்கப்பா என்னை மாத்தப் போறாராமே? குளிக்கும்போது எல்லாத்தையும் கேட்டேன்."

தேய்த்த கை நின்றது. எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த மாமனாருக்குப் புரையேறியது.

"அட, அது... அது உங்க பைக்கைச் சொன்னது மாப்பிள்ளை!"

"பைக்கையா?"

"பின்னே? நாப்பது குதிரைன்னு பீத்திக்கிறீங்களே, குதிரை வேகமா ஓடத்தான். மேட்டுல ரெண்டு பேரை வச்சு இழுக்க முறுக்கு விசை வேணும். அது உங்க... பைக்குக்குக் கம்மி."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே பசியும். மாமியார் மளமளவென்று பரிமாறினார். என்றைக்கும் இல்லாத உபசாரம்.

கை கழுவும்போது வாசல் மணி அடித்தது. காலையில் கேட்ட அதே குரல். முதுகைப் பிடித்துக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்க மெக்கானிக் அண்ணே! வண்டியை மாத்தவே வேண்டாம். பின்பக்கப் பல்சக்கரத்தைக் கொஞ்சம் பெருசாக்கினா மேட்டுல இழுத்துடுமில்லே?"

வந்தவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் மின்விசிறியைப் பார்த்தார்.

"வண்டியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே. நான் விவாகரத்து வக்கீல்."