கரும்பு ஆலையில் ஏற்றிய பீரங்கி

சித்திரபானு வருஷம் வைகாசி மாதம் 12ஆம் தேதி
பாகூர் கொம்யூன், மணப்பட்டு ரஸ்தா

வில்லியனூர் மகா கனம் பொருந்திய சம்பந்தி தங்கவேல் அவர்கள் சமுகத்துக்குப் பாகூர் உலகநாதன் அநேக மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், சம்சாரம் கனகாம்பாள், மகள் தனக்கொடி, காளை இரண்டு, பீரங்கி ஒன்று, யாவரும் சௌக்கியம். அவ்விடம் தங்கள் முழங்கால், தங்கள் தமக்கை செங்கமலம் அம்மாளின் காது ஆகியவற்றின் சௌக்கியத்துக்குப் பதில் எழுத வேண்டியது. வழியில் விழுந்த வரிசைத் தட்டுகள் பதினொன்றில் ஒன்பது கிடைத்துவிட்டன. துலக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.

நேற்று தங்கள் ஆள் வந்தான். "பீரங்கி இருக்கற வூட்ல பொண்ணு எடுக்க எங்க ஐயாவுக்கு ரெண்டு உசுரு இல்லியாம், சம்பந்தம் வாணாமாம்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, கொடுத்த மோரையும் குடிக்காமல் போய்விட்டான். அதை நான் தங்கள் வாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. காது அடைத்திருந்த நேரத்தில் சொன்ன வார்த்தை அது. பரிசம் போட வந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை முழுக்கப் படித்துவிட்டு, அதற்கு மேல் என் மகளுக்குத் தங்கள் பிள்ளை நாகராஜன் உண்டா இல்லையா என்று சொல்லுங்கள்.

போன பங்குனியில் ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டான், சென்னப்பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு ஓடியது, அடுத்தது நம் கடலோரம்தான் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தபோது, புதுச்சேரியிலிருந்து பட்டாளத்துச் சேர்ழான் மரியதாஸ் ஒரு பழைய பீரங்கியை ஆறு ஜோடி மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்து, "போன சண்டையில பிரான்சுக்குப் போயி ஆகாயக் கப்பல சுட்ட சொல்தா இந்த ஊர்ல யாரு?" என்று கேட்டார். ஊரே என்னைக் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? இருபத்து மூன்று வருஷமாகக் கல்யாணம், கருமாதி, ஏரி மராமத்து என்று நாலு பேர் கூடின இடத்திலெல்லாம் அந்தக் கதையைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தாங்களும் வில்லியனூர்த் தேரில் அதைக் கேட்டுத்தானே, "ஆகாயத்துல போறத சுட்ட மனுசன் வூட்டுப் பொண்ணுதான் என் மருமவ" என்று கையடித்துக் கொடுத்தீர்கள்.

பீரங்கியைப் பார்த்தால் அது தரையைச் சுடும் பீரங்கி. மூக்கு மேலே போகாது, இடம் வலம் திரும்பாது. மரியதாஸ் தலையில் கை வைத்துவிட்டார். நான்தான் சொன்னேன், முதல் சண்டையிலும் இதே கதிதான் முசியே, ஆகாயத்தைச் சுட என்று தனிப் பீரங்கி அப்போது ஏது, இந்த எழுபத்தைந்து மில்லிமீட்டர் பீரங்கியைத்தான் வாலைப் பள்ளத்தில் இறக்கி மூக்கைத் தூக்கினார்கள், அப்புறம் வண்டிச்சக்கரம் மாதிரி சுழலும் மரமேடை போட்டு அதன்மேல் ஏற்றினார்கள், அதற்கும் அப்புறம் மோட்டார் வண்டியின் முதுகில் வைத்தார்கள் என்று. "மோட்டார் ஏதுய்யா இங்க? சுத்துற மேடைக்கு எங்க போறது?" என்றார். எதிரே மாடு கட்டிச் சுற்றும் என் கரும்பு ஆலை, பருவம் முடிந்து சும்மா கிடந்தது. உருளைகளைக் கழற்றிவிட்டு நடுக்கட்டைமேல் மேடை அடித்துப் பீரங்கியை மூக்கு மேலே பார்க்க ஏற்றிவிட்டோம். நுகத்தடியில் என் செவலையும் மயிலையும். மாடு சுற்றினால் பீரங்கி சுற்றும். மரியதாஸ் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அது அவர்கள் பழக்கம், தவறாக எண்ண வேண்டாம்.

இரண்டு சங்கதியை மட்டும் யோசிக்காமல் போய்விட்டேன். ஆலையில் ஒவ்வொரு கொப்பரைப் பாகு இறக்கியதும் மாட்டுக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுப்பது எங்கள் வழக்கம். பத்து வருஷமாகத் தின்று ருசி கண்ட மாடுகள். இது ஒன்று. இன்னொன்று, கயிறு இழுத்து வெடிக்க வைக்கும் வேலையை என் ஆலை ஆள் பக்கிரிக்குக் கொடுத்திருந்தோம். அவனுக்குக் காது மந்தம். அதனால், "நான் ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்குனா இழு, இல்லாட்டி செத்தாலும் இழுக்காத" என்று படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றைக்குத் தாங்கள் வந்து இறங்கினபோது ராகுகாலம் முடியவில்லை. வாசலுக்கு வரக்கூடாது என்று புளியமரத்து நிழலில் உட்கார்ந்தீர்கள். செங்கமலம் அம்மாள் தலையில் வெல்லத் தட்டு. தங்கள் ஊர் அச்சுவெல்லம், வாசனைக்குக் கேட்க வேண்டுமா? செவலை மூக்கை விடைத்தது, மயிலை இழுத்தது, பீரங்கி மெல்லத் திரும்பி உங்கள் பக்கம் வந்து நின்றது. நான் உள்ளே தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு என்ன தெரியும்? "இன்னாடா இது, நம்மளயே பாக்குது?" என்று தாங்கள் எழுந்து எல்லோரையும் கிணற்றடிக்கு அழைத்துப் போனீர்கள். பீரங்கியும் கிணற்றடிக்குத் திரும்பியது. வைக்கோல்போர் பக்கம் போனீர்கள், அங்கேயும் வந்தது. "பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாலயே கொல்லப் பாக்கறானே தம்பி" என்று செங்கமலம் அம்மாள் தட்டோடு ஓட ஆரம்பித்தார். அவர் ஓட மாடு ஓட, மாடு ஓடப் பீரங்கி ஓட, ஆலையை முழுசாக இரண்டு சுற்று. மேடையில் மரியதாஸ் பீரங்கிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாதா பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் நான் வாசலுக்கு வந்தேன். சம்பந்தி வந்து நிற்கிறார், நல்ல காரியம், மாமூலாக நெஞ்சோடு கும்பிட்டால் போதாது என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன்.

பக்கிரி இழுத்துவிட்டான்.

ஆகாயத்தில் அப்போது ஒரு காக்கை கூட இல்லை. மூக்கு மேலே பார்த்திருந்ததால் குண்டு உங்கள் தலைக்கு மேலாகப் போய் மணப்பட்டுக் கடலில் விழுந்து வெடித்தது. புகை கலைந்து பார்த்தால் சம்பந்தி வீட்டார் ஒருத்தரும் இல்லை, கரும்புக் கொல்லையில் ஒரு வழி மட்டும் புதிதாகத் தெரிந்தது. செவலை நிதானமாக வெல்லம் தின்றுகொண்டிருந்தது. மறுநாள் மணப்பட்டுக்காரர்கள் வெடியில் செத்து மிதந்த மீன் இரண்டு கூடை கொண்டுவந்து வைத்து, "தெனமும் ஒண்ணு போடுங்க மொதலாளி" என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

சம்பந்தி, இனி எழுதப்போவதை என் சம்சாரத்துக்குக்கூட நான் சொன்னதில்லை. பிரான்சில் நான் பீரங்கியைத் தொட்டதில்லை. அந்தப் படைக்கு நான் சமையல்காரன். மேடைக்குக் கஞ்சி தூக்கிக்கொண்டு போகும்போது பார்த்ததும் கேட்டதும்தான் எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம். ஒரு நாள் ஒரு விமானம் விழுந்தது. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பினதும் எவனோ, "நீயா சுட்ட?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். பொய் என்னுடையது. என் மகள் பொய் சொல்லத் தெரியாதவள். அழுதாலாவது ஆறுதல் சொல்வேன், அன்று முதல் அவள் பேசவே இல்லை, துலக்கின தட்டையே திரும்பத் திரும்பத் துலக்கிக்கொண்டிருக்கிறாள். என்னைத் திட்டுங்கள், செருப்பால் அடியுங்கள், அவளைத் தள்ளாதீர்கள். பிரான்சில் அந்த மேடைப் பீரங்கிக்காரன் அன்று சொல்வான், விமானம் இருக்கிற இடத்தைச் சுடாதே, அது வரப்போகிற இடத்தைச் சுடு என்று. நானும் நடந்ததை விட்டுவிட்டு, வரப்போகிற ஆவணி முகூர்த்தத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பீரங்கி நாளைக் காலையில் புதுச்சேரிக்குத் திரும்பிப் போகிறது. குண்டும் தீர்ந்துவிட்டது. இனி என் கொல்லையில் தீபாவளிக்கு ஒரு பட்டாசுகூட வெடிக்காது, இது உங்கள் ஊர்த் திருக்காமீசுவரர் சாட்சியாகச் சத்தியம்.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் தண்டனும், சிறியவர்களுக்கு என் ஆசியும், செங்கமலம் அம்மாளுக்கு என் மன்னிப்பு விண்ணப்பமும் சேர வேண்டியது.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி என்றே இன்னமும் நம்பியிருக்கும்
உலகநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் நேரத்தில் மரியதாஸ் வந்தார். எதிரி விமானம் ஒன்றைப் பாகூரில் விரட்டி அடித்ததாக அவர் எழுதி அனுப்பிவிட்டாராம், எனக்கு மெடல் வருகிறதாம், ஆகையால் பீரங்கி இங்கேயே இருக்கும். மேலே உள்ள சமையல் விஷயத்தைப் படித்ததும் அடித்துவிடவும். குண்டும் ஒன்று பாக்கி இருந்திருக்கிறது, பக்கிரி அதை ஏற்றியே வைத்திருக்கிறான், இறக்குவது எப்படி என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தங்கள் பிள்ளையைத் தேட வேண்டாம், காலையிலேயே சைக்கிளில் இங்கே வந்துவிட்டார். "அப்பா கெடக்கறாரு மாமா, பீரங்கிய காட்டுங்க" என்கிறார். தனக்கொடிக்கும் பேச்சு வந்துவிட்டது. இரண்டு பேருமாக மாட்டுக்கு வெல்லம் கொடுத்துக்கொண்டு வடமேற்கு மூலையில் நிற்கிறார்கள், அதனால் பீரங்கியும் இப்போது வில்லியனூரைப் பார்த்து நிற்கிறது. மாடு நின்ற இடம் அது, நான் நிறுத்தவில்லை. தாங்கள் சம்மதம் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு நேரில் வர வேண்டியது. வாசலில் நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பேன், கும்பிடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.