ஸ்கேன் அறையில் கழற்றிய தாலி

பயப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவைச் சாத்தினால் பயம், சாத்தாவிட்டால் அதைவிடப் பயம். தூக்கம் வராததற்கும் அதுதான் காரணம். என் கணவர் முருகேசனோ தலையணையைத் தட்டிப் போடும்போதே பாதி தூங்கிவிடுவார்.

பர்மாவில் நாங்கள் குடியிருக்கும் தின்கன்ஜூனில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் மா நிலாருக்கு ஒரு ஸ்கேன் நிலையத்தில் வேலை. பல நாடுகள் சேர்ந்து, ஏராளமானவர்களின் மூளையைப் படம் எடுத்து, எச்சிலிலிருந்து மரபணுவையும் பார்த்து, தூக்கம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று ஆராய்கிறார்களாம். "உங்கள மாதிரி தூங்காதவங்கதான் வேணும் அமா" என்றாள். (அமா என்றால் பர்மிய மொழியில் அக்கா.) தூங்காததற்கு முதன்முறையாக மரியாதை கிடைத்ததில் மயங்கிச் சரி என்றுவிட்டேன்.

போனதும் ஒரு குழாயைக் கொடுத்து எச்சில் துப்பச் சொன்னார்கள். பயத்தில் வாய் காய்ந்து ஒரு சொட்டும் வரவில்லை. (தெருவெல்லாம் வெற்றிலை துப்பும் ஊரில் எனக்கு மட்டும் வறட்சி.) அப்புறம் பார்க்கலாம் என்று மா நிலார் உடை மாற்றச் சொன்னாள்.

"உடம்புல உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. கழுத்துல இருக்கிறதையும் கழட்டிடுங்க."

கழுத்தில் இருந்தது தாலி.

"கழட்டு செல்வி, நான் என்ன செத்தா போயிடுவேன்" என்றார் முருகேசன். சொல்வதற்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லை அவருக்கு. மஞ்சள் கிழங்கை நூலில் கட்டிக்கொண்டுதான் கழற்றுவேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே மார்க்கெட்டுக்குப் போனார். போனவர் வரவே இல்லை.

"கரண்ட் இருக்கிறப்பவே முடிச்சிடணும் அமா" என்று மா நிலார் அவசரப்படுத்தினாள். வேறு வழியில்லாமல், சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தேன். வெறும் கழுத்தோடு ஸ்கேன் இயந்திரத்தின் குகைக்குள் படுத்தேன்.

"கண்ண மூடிக்குங்க, தூக்கம் வந்தா தூங்குங்க" என்றது ஒலிபெருக்கி. உடனே தலையைச் சுற்றி இடி இடித்தது. மூடிய கண்ணுக்குள் எனக்குத் தெரிந்தது சாலை, வேகமாக வரும் பஸ், நடுவில் மஞ்சளோடு என் புருஷன். அவசரமென்றால் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கினேன்.

"மூச்சு முட்டுதா அமா?"

"இல்ல, அவர் வந்துட்டாரா?"

"ஆடாம படுங்க."

மறுபடியும் அமுக்கினேன். மறுபடியும் அதே கேள்வி. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சத்தம் நின்றது, விளக்கு அணைந்தது, எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. நான் போட்ட அலறலில் ஜெனரேட்டர் வருவதற்குள்ளேயே என்னை வெளியே இழுத்துவிட்டார்கள்.

விளக்கு வந்ததும் அங்கி பறக்க, வெறுங்காலோடு தாழ்வாரத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு கட்டில். தலைமுதல் போர்த்திய வெள்ளைத் துணி. கீழே நீட்டிக்கொண்டிருந்த பித்தவெடிப்புப் பாதங்களை எனக்குத் தெரியாதா?

"நானே கழட்டி நானே கொன்னுட்டேனே" என்று அந்தக் காலில் விழுந்து ஒப்பாரி வைத்தேன். மொழி புரியாமலே ஒரு பர்மிய அம்மாள் கும்பிட்டு நின்றார். பின்னால் ஓடிவந்த மா நிலாரும் அழத் தொடங்கினாள்.

துணி அசைந்தது. கண்ணைத் திறக்காமலே முருகேசன் கையை நீட்டினார். அதில் மஞ்சள் கிழங்கு, நூலோடு.

"கெடச்சிருச்சு" என்றார்.

வந்து பார்த்தாராம், அறைக் கதவு சாத்தியிருந்ததாம், ஏசி குளிராக இருந்ததாம், போர்த்திக்கொண்டாராம். எனக்குச் சந்தோஷத்தில் அவரை அடிக்கத்தான் தோன்றியது, அடித்தேன்.

நான் ஆடிய ஆட்டத்தில் என் படங்கள் எதற்கும் ஆகவில்லை. நன்றாகத் தூங்குகிறவர்களும் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று டாக்டர் அவரைக் கேட்டார். பல நாட்டு மூளைகளோடு இப்போது என் கணவரின் மூளையும் இருக்கிறது. எச்சிலும் குழாய் நிறையக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் தலையை மூடிப் போர்த்துவதில்லை. பிள்ளைகள் படுக்கப் போகும்போது, "அம்மா, நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். விழிப்பு வரும்போதெல்லாம் நான் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன்.

"இருக்கேன், தூங்கு" என்கிறார், தூக்கத்திலேயே.