உலகமெங்கும் ஒரு மசால் தோசை

மைக்கைக் கண்டால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு நேரெதிர், நாக்கு கழன்றுகொள்ளும்.

பெண்களுக்கான விளையாட்டு நிகழ்ச்சி நடத்த ஒரு டிவி சேனல்காரர்கள் காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் வந்து இறங்கினார்கள். "உங்க வீட்ல யாருக்கும் தெரியாத ரகசியம் ஒண்ணு சொல்லுங்க. அதிகமா கைதட்டல் வாங்கறவங்களுக்கு மிக்ஸி!" என்றாள் தொகுப்பாளினி. (எங்கள் வீட்டில் ஏற்கெனவே நல்ல மிக்ஸி இருந்தது. புத்தி எங்கே போச்சோ!)

"எங்க மாமியாரு சனிக்கிழமைன்னா பெருமாளுக்கு விரதம். பச்சைத் தண்ணி பல்லுல படாதுன்னு ஊரே சொல்லும். ஆனா மத்தியானம் தறி ரூம் கதவைச் சாத்திக்கினு மசால் தோசை சாப்பிடுவாங்க!"

மண்டபம் அதிர்ந்தது. மிக்ஸி எனக்கே.

வீட்டுக்கு வந்த பிறகுதான் போன புத்தி திரும்பியது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவே அத்தையின் விரதத்துக்கு மரியாதை கொடுக்கும். எந்த வீட்டு நல்ல காரியத்திலும் முதல் தாம்பூலம் அவர் கைக்குத்தான். நான் என்ன உளறினேன் என்று தெரியாத அத்தையோ, "எங்க மருமவ டிவில வர்றாப்பா!" என்று வீடுவீடாகச் சொல்லி, ஒளிபரப்பு அன்று கூடத்தில் பாய் விரித்து, சுண்டல் வேறு கிண்டி வைத்தார்.

நான் வந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். "எங்க மாமியாரு..." என்று திரையிலிருந்த தடிச்சி வாயைத் திறந்ததும், பாய்ந்துபோய் டிவிக்குப் பின்னால் கையைவிட்டு வயரைப் பிடுங்கினேன்.

"ஐயய்யோ, கேபிள் போயிடுச்சும்மா!"

அப்பாடா என்று மூச்சு விடவில்லை, அத்தையின் போனில் வீடியோ கால். சிங்கப்பூரிலிருந்து நாத்தனார். (அது உலகமெங்கும் தெரியும் சேனல் என்று மண்டபத்தில் அவர்கள் பீற்றிக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. எந்த வயரைப் பிடுங்கிச் சிங்கப்பூரை அணைப்பது?)

"ஏம்மா, விரதத்துல மசால் தோசையா சாப்பிடற? அண்ணி டிவில சொல்லிக்கினு இருக்காங்க!"

ஸ்பீக்கரில்தான் கேட்டது. சுண்டல் மென்ற வாயெல்லாம் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தை என்னைப் பார்க்காமலேயே எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"பிரசவத்துல நீ பொழைக்கணும்னு வேண்டிக்கினு ஆரம்பிச்ச விரதம்மா அது. இப்ப சுகர் மாத்திரை போட்டுட்டு பட்டினி கெடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. விரதத்தை விட்டா உனக்கு எதனா ஆயிடுமோன்னு பயம். சாமிக்குத் தெரிஞ்சா போதும், ஊருக்கு எதுக்குன்னு கதவைச் சாத்தினேன்."

வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மிக்ஸியை இன்றுவரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்க மனசு வரவில்லை.

அத்தை பிறகு பேசினார், சிரிக்கவும் செய்தார். மறந்தாரா என்றுதான் தெரியவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். "சாப்பாட்டுல கட்டுப்பாடா இருக்கீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அத்தை என் பக்கம் கையைக் காட்டினார்.

"என்னை எதுக்கு சார் கேக்கறீங்க? தோ, எங்க வீட்டு சேனல் உக்காந்துக்கினு இருக்குது. அதைக் கேளுங்க, சிங்கப்பூர் வரைக்கும் கேக்கறாப்பல சொல்லும்."