சூளைக்குள் காதர் பாய்

நடந்தது இதுதான்:

1. ஞாயிறு மாலைக்குப் பிறகு வாட்ச்மேன் காதர் பாயை யாரும் பார்க்கவில்லை.
2. திங்கள் காலை பெரிய சூளையில் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கி, வாசலைச் செங்கல்லால் அடைத்துப் பூசி, தீ மூட்டினோம்.
3. புதன் காலை தீயை நிறுத்தினோம். சூளை ஆற வெள்ளி வரை ஆகும்.
4. வியாழன் மதியம் உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.
5. சூளையைப் பிரிக்கச் சொன்னேன்.

ஐந்தாவதற்கு மட்டும்தான் நான் பொறுப்பு என்று சில வருடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

எழுபதுகளின் தொடக்கம், ஐந்தாறு வருடத்துக்கு முன். பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ வாங்கிய கையோடு, விருத்தாசலத்தில் ஒரு சிறிய பட்டறையில் தற்காலிக வேலையில் இருந்தேன். ஜாடிகளுக்கான பளபளப்புப் பூச்சு ஒன்றை நானே கலந்திருந்தேன். அந்தச் சூளை நல்லபடியாக வந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டு மேனேஜர் வெளியூர் போயிருந்தார்.

சூளைக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், நாய் நடித்த படம் எதையும் நான் விட்டதில்லை. போலீஸ் நாய், பட்டாளத்து நாய், ஆடு மேய்க்கும் நாய், எல்லாம் பார்த்தாயிற்று. அந்த வாரம் டென்ட் கொட்டகையில் ஓடியது சுரங்கத்து நாயின் கதை. சுரங்கம் இடிந்து, நாயைப் பழக்கியவர் உள்ளே மாட்டிக்கொள்கிறார். நாய் மூன்று நாள் சுரங்க வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் கல்லெறிந்து விரட்டுகிறார்கள். ஒரு நர்ஸ் மட்டும் நாயை நம்புகிறாள். தோண்டினால், ஒரு கை மேலே வருகிறது! இரண்டு தரம் பார்த்தேன். இரண்டு தரமும் அழுதேன். (நர்ஸ் கட்டியிருந்த மாதிரி வெள்ளைப் புடவை ஒன்று வாங்கியதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.)

எங்கள் பட்டறை நாய் டைகர். களிமண் தூசியில் புரண்டு புரண்டு அதன் சொந்த நிறம் என்ன என்பதே யாருக்கும் தெரியாது. பகலில் பார்த்தாலும் பேய் மாதிரி வெள்ளையாக இருக்கும். பாய் அதைத் தொட மாட்டார். அவர் தொழுகைக்குப் போகிறவர். ஆனால் தன் சாப்பாட்டில் முதல் கவளத்தை அதற்கு வைத்துவிட்டுத்தான் உண்பார். இருவருக்கும் நடுவில் எப்போதும் இரண்டடி இருக்கும்.

அந்த வியாழன், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சூளைக் கொட்டகையில் சத்தமே இல்லை. இன்னும் கண் எழுதாத பீங்கான் பொம்மைகள் பலகையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அடைத்த சூளை வாசலில் டைகர் உட்கார்ந்திருந்தது. திங்கள் முதல் அது அங்கேயேதான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூளைச் சுவரிலிருந்த மாடத்துக்குக் கீழே பாயின் செருப்பு கிடந்தது.

'டிக்.'

டைகர் காதைத் தூக்கியது.

"பாய்?" என்றேன்.

'டிக். டிக்.'

(பதில் சொல்கிறாரே!)

நான் போட்ட கூச்சலில் சூளை மேஸ்திரி ராமலிங்கம் சோற்றுக் கையோடு ஓடி வந்தார்.

"மேஸ்திரி, பாயை உள்ள வச்சுக் கட்டிட்டீங்க!"

"என்னாம்மா சொல்றீங்க? ஜாடிய அடுக்குனது நானு. ஆளு இருந்தா தெரியாதா?"

"அப்ப பாய் எங்க? நாய் ஏன் இங்கயே உக்காந்திருக்குது?"

"அத நாயத்தான் கேக்கணும். உள்ள இன்னும் நானூறு டிகிரி இருக்குது. இப்ப பிரிச்சா அத்தனையும் வெடிச்சுடும்மா."

"பிரிங்க. என் பொறுப்பு."

அந்த நர்ஸ் சொன்ன அதே குரலில் சொன்னேன்.

முதல் செங்கல் வந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. நாலாவது செங்கல்லில் உள்ளே நூறு கைகள் ஒரே சமயத்தில் தட்டத் தொடங்கின. அப்புறம் 'டொப்', 'டொப்' என்று வரிசையாக வெடித்தன. படத்தில் நாய் இந்த இடத்தில் உள்ளே பாயும். டைகர் வாலைச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடியது. பின்னாலேயே நானும் ஓடினேன். கதவருகில், காலில் புதுச் செருப்பும் கையில் பேரீச்சம்பழப் பையுமாக ஓர் ஆள் நின்றார்.

"யாரத் தேடுறீங்க?" என்றார் காதர் பாய்.

"ஒன்னத்தான்யா!" என்று உள்ளேயிருந்து கத்தினார் மேஸ்திரி.

விசாரணையில் தெரிந்தவை: துபாயிலிருந்து தம்பி வந்ததால் பாய் மங்கலம்பேட்டைக்குப் போயிருந்தார். கூப்பிட வந்த தம்பி கொண்டுவந்த புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, பழசை இங்கேயே விட்டிருந்தார். லீவுச் சீட்டை என் மேசையில்தான் வைத்திருந்தார். நான் அதைப் படிக்காமலே துளை போட்டு, வரிசை எண் கொடுத்து, பூச்சுக் கணக்குகளோடு கோப்பில் சேர்த்திருந்தேன். பாய் தினமும் சாப்பாட்டுத் தூக்கைச் சூடாற விடாமல் வைப்பது அந்த மாடத்தில்தான். டைகர் காத்திருந்தது முதல் கவளத்துக்கு. ஆறும்போது பூச்சு சுருங்கி 'டிக் டிக்' என்று சத்தம் வரும் என்பதை டிப்ளமோ பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு நானே எழுதியிருக்கிறேன்.

மறுநாள் வந்த மேனேஜர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏம்மா, ரெண்டு நாள் எரிஞ்ச சூளை. உள்ள இருந்து தட்டுறாருன்னு நெனச்சியே, உயிரோடயா, இல்ல செத்த பொறவா?"

நான் துடைப்பத்தைத் தேடிப் போனேன்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. உடைந்த ஜாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "எங்க வூட்லகூட என்ன இப்பிடித் தேட மாட்டாங்கம்மா."

என் தற்காலிகம் மேலும் ஆறு மாதம் நீண்டு, அப்புறம் நிரந்தரமானது. வீட்டில் யாராவது வரத் தாமதமானால் அம்மா என்னிடம், "சூளையப் பிரிச்சுப் பாத்துட்டியா?" என்கிறார். பாய் லீவு என்றால் இப்போது சீட்டு எழுதுவதில்லை. முதலில் டைகரிடம் இரண்டடி தள்ளி நின்று சொல்கிறார், அப்புறம் என்னிடம் சொல்கிறார். சூளை ஆறும்போது உள்ளே இன்றும் தட்டும் சத்தம் கேட்கிறது. அது பூச்சு சுருங்கும் சத்தம். ஆனாலும் ஒருமுறை பட்டறை வாசல் வரை போய், பாய் தன் நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.