எதுவாக இருந்தாலும் என்னைக் கேள்

சனிக்கிழமை மதியம் ஒரு வேளைக்காவது தன் வீட்டில் தான் ஆட்சி செய்துவிடுவது என்று லிஃப்ட்காரர் முடிவெடுத்தார்.

ஆட்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. விருந்தாளிகள் செருப்பைக் கழற்றுவதில் தொடங்கி, திரும்ப மாட்டிக்கொள்ளும் வரைக்கும்தான். அதன்பிறகு கிரீடத்தை மனைவியிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சரித்திரத்தில் இதைவிடக் குறைந்த காலம் ஆண்டவர்களுக்கெல்லாம் சிலை இருக்கிறது.

உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். அதில் கெட்டிக்காரர். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைக் கதவுக்கு வெளியே நின்றபடி பேசியே அமைதிப்படுத்திவிடுவார். வீட்டிலும் அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. துணி காயப்போடச் சொன்னால் காயப்போடுவார். குப்பையைக் கொண்டுபோகச் சொன்னால் கொண்டுபோவார். எதை, எப்போது, எங்கே என்பதை மட்டும் மனைவி சொல்லிவிட வேண்டும். யோசிப்பது அவள் இலாகா.

வினை தொடங்கியது வருகைப் பதிவில்.

அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இப்போது ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். கைப்பேசி புண்ணியத்தில் ஒருவரையொருவர் தேடிப்பிடித்து ஒரு குழு அமைத்திருந்தார்கள். வாரம் ஒருமுறை காணொளியில் கூடுவார்கள். ஒருவருக்கு அது காலை, ஒருவருக்கு மாலை, ஒருவர் எப்போதும் கொட்டாவி. அன்றைக்கு வகுப்புத் தலைவனாக இருந்த மானிட்டர் இன்றைக்கு ஒரு கப்பல் கம்பெனியில் அதிகாரி. ஆனாலும் பழைய பதவியைத்தான் பெரிதாக நினைப்பவர். அவர் வரிசையாகப் பட்டப்பெயரைக் கூப்பிட, நரைத்த தலைகள் எல்லாம் "உள்ளேன் ஐயா" என்று சொல்லும். அதன்பிறகு ஒவ்வொருவரும் அந்த வாரத்து வாழ்க்கைச் செய்தியைச் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சட்டம் இருந்தது. சொன்ன செய்தியை யாரும் வாபஸ் வாங்க முடியாது. முட்டை என்ற நண்பர் ஒருமுறை உற்சாகத்தில், சிகரெட்டை விடப்போவதாக அறிவித்துவிட்டார். பிறகு வாராவாரம் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் "விட்டாச்சா?" என்று கேட்டார்கள். இவர்களுக்குப் பதில் சொல்வதைவிட சிகரெட்டை விடுவது சுலபம் என்று தெரிந்ததும் மனிதர் விட்டுவிட்டார்.

அந்தக் குழுவில் ஒருநாள் வீட்டு நிர்வாகம் பற்றிப் பேச்சு வந்தது. தன் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது தான்தான் என்று முட்டை ஒப்புக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது மயக்க மருந்து டாக்டராக இருக்கும் ரப்பர் (பள்ளியில் எல்லோரிடமும் அழிரப்பர் இரவல் வாங்கிய பெண்) கேட்டாள்:

"பூகோளம், உன் வீட்டுல எப்படி?"

பூகோளம் என்பது லிஃப்ட்காரரின் பட்டப்பெயர். ஒரு பரீட்சையில் உலகப்படத்தின் கடலுக்கெல்லாம் பச்சை வண்ணம் அடித்ததால் கிடைத்தது. அந்த நேரத்தில் அவர் பால்கனியில், ஒரு கையில் ஈரப் பாவாடையும் வாயில் இரண்டு கிளிப்பும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கிளிப்புகளை எடுத்தார். முகம் மட்டும் தெரியும்படி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்.

"நம்ம வீட்டுலயா? நான் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். என்னைக் கேட்காம ஒரு ஸ்பூன்கூட இடம் மாறாது."

சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து மானிட்டர் குண்டைப் போட்டார். "வேலையா உங்க ஊருக்கு வரேன்டா. சனிக்கிழமை உன் வீட்டுலதான் சாப்பாடு. எல்லாரையும் அங்கேருந்தே கூப்பிடலாம். உன் ராஜாங்கத்தைக் கண்ணால பார்க்கணும்."

லிஃப்ட்காரருக்கு வியர்த்தது. போதாத காலத்துக்கு, வீட்டில் வேறொரு விஷயம் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். அவள் செய்த பல்லைக் கட்டியவர்கள் சொந்தப் பல்லைவிட அதைக் காட்டத்தான் அதிகம் சிரிப்பார்கள் என்று பேர். பக்கத்து நகரத்தில் புதிதாக ஒரு கிளை திறக்கிறார்கள், அதற்குத் தலைமை ஏற்க வருகிறாயா என்று லேபில் கேட்டிருந்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்க வேண்டும். அவளுக்குக் கொள்ளை ஆசை. லிஃப்ட்காரரிடம் கேட்டாள். அவர், "பார்க்கலாம்" என்றார்.

தமிழில் "முடியாது" என்று சொல்ல எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றுள் சண்டை வராதது இந்த ஒன்றுதான். அவர் பல வாரங்களாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து வயது மகளையும் ஒரு முழுச் சமையலறையையும் தன்னிடம் விட்டுவிட்டு அவள் போவதை நினைத்தாலே, கம்பி அறுந்த லிஃப்டுக்குள் நிற்பதுபோல் இருந்தது. லேபில் வரும் திங்கட்கிழமை வரைதான் கெடு. இந்த ஒரு வாரம் பார்த்துவிட்டால் போதும், விஷயம் தானாகக் காலாவதி ஆகிவிடும்.

வியாழக்கிழமை மாலை, அவள் காய் நறுக்கும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"சனிக்கிழமை நீ எனக்கு ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லுங்க."

"அவங்க முன்னாடி நீ கொஞ்சம்... எப்படிச் சொல்றது..."

"அடக்க ஒடுக்கமா இருக்கணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்பூன் சொல்லுச்சு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரே ஒரு மதியம்தான். எதிர்ப்பேச்சு பேசக் கூடாது. எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுச் செய்யணும். அவ்வளவுதான்."

கத்தி நின்றது. "எதுவா இருந்தாலும்?"

"எதுவா இருந்தாலும்."

"சரிங்க."

சட்டம் படித்த எவரும் "எதுவாக இருந்தாலும்" என்ற சொல்லைப் பக்கத்தில் இரண்டு விதிவிலக்கு நிறுத்தாமல் நடமாட விடமாட்டார்கள். லிஃப்ட்காரர் சட்டம் படித்தவரல்ல. மனைவி இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததும் உடனே பயந்திருக்க வேண்டும். அவரோ நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை மானிட்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. "என்னடா, உன் கட்டடத்துலயே லிஃப்ட் ஓடலையா?" "அது வேற கம்பெனி" என்றார் லிஃப்ட்காரர் பெருமையாக.

லிஃப்ட்காரரின் மனைவி கைகட்டி நின்றாள். "ஏங்க, இவங்களை உட்காரச் சொல்லட்டுமா?"

"சொல்லு, சொல்லு."

"எந்த நாற்காலியிலங்க?"

மானிட்டரின் புருவம் உயர்ந்தது. லிஃப்ட்காரரின் நெஞ்சும் உயர்ந்தது. ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"அது கால் ஆடுற நாற்காலி. பரவாயில்லையா?"

"அப்ப... அதுக்குப் பக்கத்துல."

"தண்ணி கொடுக்கட்டுமா?"

"கொடு."

"எந்த டம்ளர்லங்க?"

"ஏதாவது ஒண்ணுல கொடேன்!"

"ஏதாவதுன்னா நான் முடிவு பண்ற மாதிரி ஆயிடுங்களே."

மானிட்டர் நண்பரின் தோளைத் தட்டினார். "டேய், நீ அளந்துவிடறேன்னு நினைச்சேன். நிஜமாவே ராஜாதான்டா!"

ஓடும் படத்தில் பாதியில் நுழைந்தாலும் கதையைப் பிடித்துவிடுகிற ரகம் மானிட்டரின் மனைவி. சுவாரசியமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"பாப்பா எந்த வகுப்பு படிக்கிறா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்க்கா" என்றாள் மனைவி. "எனக்கு எதுக்கு அந்த விவரமெல்லாம்?"

எல்லோரும் லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள்.

"அஞ்சாவது" என்றார் அவர்.

"ஆறாவதுப்பா" என்றது உள்ளறை.

"ஆறாவதுதான். அஞ்சாவதை முடிச்சுட்டா" என்றார் அவர். நல்லவேளையாக அந்த நேரத்தில் மானிட்டர் பழைய கதையை எடுத்தார். கணக்கு வாத்தியாரின் சைக்கிள், வாத்தியாரின் குடை, சைக்கிளில் குடையைக் கட்டியது யார் என்ற தீராத வழக்கு. லிஃப்ட்காரர் அதில் மூழ்கிப்போனார். கருகிய வாசனை வந்தபோதுதான் தலையைத் தூக்கினார்.

"ஏய், அடுப்புல என்ன?"

"கோழிங்க."

"தீயுதே!"

"ஆமாங்க. ரொம்ப நேரமாத் தீயுது."

"இறக்க வேண்டியதுதானே?"

"நீங்க இறக்கச் சொல்லலைங்களே."

மானிட்டரின் மனைவிக்கு இருமல் வந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருமினாள்.

எப்படியோ சாப்பாடு முடிந்தது. தட்டு வைக்கட்டுமா, சோறு போடட்டுமா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா, நானும் சாப்பிடட்டுமா என்று எல்லாவற்றுக்கும் உத்தரவு பிறப்பித்து லிஃப்ட்காரருக்கு நாக்கு வறண்டது. ஆள்வது இவ்வளவு பேச வேண்டிய வேலை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு மானிட்டர் கைப்பேசியை மேசையில் நிறுத்தி வருகைப் பதிவைத் தொடங்கினார். முகங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா.

"இன்னிக்கு முதல் செய்தி என்னோடது" என்றார் மானிட்டர். "பூகோளம் சொன்னது பொய்யில்ல. இந்த வீட்டுல இவன் கண்ணசைக்காம ஒண்ணும் நடக்காது. நானே சாட்சி. கோழிகூட இவன் உத்தரவுக்குக் காத்திருந்து கருகிப்போச்சு."

கைதட்டல். முட்டை எழுந்து நின்றே வணங்கினார். லிஃப்ட்காரர் அடக்கமாகச் சிரித்தார். அவர் வாழ்க்கையில் மிக உயரமான மாடி அது.

அப்போது மனைவி முன்னால் வந்தாள். "ஏங்க, எல்லாரும் இருக்கும்போது ஒண்ணு கேட்கலாமா?"

"கேளு" என்றார் மாடியிலிருந்து.

"லேப்ல அந்தப் புதுக் கிளைக்கு என்னைப் பொறுப்பா வரச் சொன்னாங்கல்ல? திங்கட்கிழமை பதில் சொல்லணும். எங்க வீட்டுக்காரரைக் கேட்காம சொல்ல மாட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன். நான் போகட்டுமா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

திரையில் எல்லா முகங்களும் கொஞ்சம் கிட்டே வந்தன.

"அது வந்து... பார்க்கலாம்" என்றார்.

"என்னடா பார்க்கலாம்?" என்றார் முட்டை. "உன் வீட்டுல நீ யாரைக் கேட்டுட்டுச் சொல்லணும்?"

"இல்லடா, திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் அங்கேயே தங்கணும். வீடு, குழந்தை..."

"அய்யோ, வீட்டைப் பத்திக் கவலையே இல்லைங்க" என்றாள் மனைவி, திரையைப் பார்த்து. "எல்லாத்தையும் யோசிக்கிறது இவர்தான். இவர் சொல்றதைச் செய்யறது மட்டும்தான் நான். நான் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்."

லிஃப்ட்காரர் இந்த வாக்கியத்தில் ஓட்டை தேடினார். மதியத்திலிருந்து அவரே கையெழுத்துப் போட்டுப் போட்டு அடைத்துவிட்ட ஓட்டைகள் அவை.

"அவங்க இல்லாம உன்னால சமாளிக்க முடியாதாடா?" என்று கேட்டாள் ரப்பர். டாக்டர் குரல்; நோயாளிக்கு வலிக்கிறதா என்று சோதிக்கிற குரல்.

"முடியாம என்ன!"

"அப்ப வேண்டாம்னு சொல்லப் போறியா?"

"நான் எங்க வேண்டாம்னு சொன்னேன்?"

"போன்னு சொன்னீங்களா அண்ணா? எனக்குச் சரியாக் கேட்கலை" என்றாள் மானிட்டரின் மனைவி. இருமல் முழுதாகக் குணமாகியிருந்தது.

மனைவி கைகட்டித் தலைகுனிந்து நின்றாள். "வேண்டாம்னாலும் சரிதாங்க. எதிர்ப்பேச்சே பேச மாட்டேன். இவங்க எல்லாரும் கேட்கிற மாதிரி சத்தமாச் சொல்லிடுங்க."

அவர் மானிட்டரைப் பார்த்தார். மானிட்டர் அவரைப் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. வகுப்புத் தலைவர்களுக்கு எப்போதும் கடைசியில்தான் புரியும்.

"போ" என்றார் லிஃப்ட்காரர்.

"பதிவு பண்ணிட்டேன்!" என்றார் மானிட்டர். "பூகோளத்தோட வாழ்க்கைச் செய்தி: மனைவியை வேலையில் உயர்த்தினான், வீட்டைத் தானே ஏற்றான். வாராவாரம் விசாரிப்போம்."

"உங்க உத்தரவுங்க" என்றாள் மனைவி. இந்த ஒன்றுக்கு மட்டும் அவள் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை. விடிந்ததும் அவள் பெட்டியோடு ரயிலேறிவிட்டாள். பள்ளி வண்டி கீழே ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. மகள் ஒரு காலில் சாக்ஸும் மறுகாலில் ஒன்றுமில்லாமலும் நடுக்கூடத்தில் நின்றாள். லிஃப்ட்காரர் அலமாரி, கட்டில், சோபா எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க மனைவியைக் கைப்பேசியில் பிடித்தார்.

"ஏம்மா, இவளோட இன்னொரு சாக்ஸ் எங்க இருக்கு?"

ரயில் சத்தத்தின் நடுவே, அடக்க ஒடுக்கமான குரல் ஒன்று கேட்டது:

"நீங்க எங்க வைக்கச் சொன்னீங்களோ, அங்கதாங்க."