ஆடு தின்ற உத்தரவு

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துவிடுங்கள் என்று பூசாரியிடம் எப்படிக் கேட்பது? இந்த யோசனையிலேயே திருமூர்த்தி அம்மன் கோயிலைப் பதினோரு சுற்றுச் சுற்றிவிட்டான். பதினேழு வயதுப் பையனுக்கு இவ்வளவு பக்தி ஆகாது என்று பூசாரி ஆறுச்சாமிக்கே பட்டது.

"என்ன கண்ணு, மறுக்காப் பரிச்ச எழுதறியா?"

"இல்லீங்க. தொழில் ஆரம்பிக்கறனுங்க."

"அட! என்ன தொழிலு?"

"ஜட்டி தெக்கறதுங்க."

பூசாரி அம்மன் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "மெதுவாச் சொல்லு" என்றார்.

அது தொண்ணூற்றொன்றாம் வருடம். திருப்பூரைச் சுற்றிச் சாணி மணத்த மாட்டுக் கொட்டகைகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பனியன் கம்பெனி ஆகிக்கொண்டிருந்தன. பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்ற திருமூர்த்தி, முதலிபாளையத்தில் ஒரு கம்பெனிக்கு இரண்டு வருடம் சைக்கிள் மிதித்து, ஓவர்லாக் மிஷினில் கை ஓடுகிற அளவுக்குத் தேறியிருந்தான். அங்கே சீனிச்சாமி என்பவர் புது மிஷின் வாங்குவதால் தன்னுடைய பழைய மிஷின் இரண்டையும் தவணைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைதான் கெடு. அதற்குள் வரவில்லையென்றால் அவை வேறு ஆளுக்குப் போய்விடும்.

மிஷின் போட இடம் வேண்டும். தோட்டத்து மாட்டுக் கொட்டகையில் பாதி போதும். அதற்கு அப்பா நஞ்சப்பன் தலையாட்ட வேண்டும். நஞ்சப்பனோ அம்மனிடம் பூக் கேட்காமல் தலையைக்கூடச் சொறிய மாட்டார்.

பூக் கேட்பது பெரிய வித்தையில்லை. வாழையிலைத் துண்டில் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. நஞ்சப்பன் வீட்டுக் கிணறு வெள்ளைப் பூக் கேட்டு வெட்டியது. எண்பது அடியில் ஒரு நாளைக்குப் பத்துக் குடம் ஊறும். எருமை வெள்ளைப் பூக் கேட்டு வாங்கியது. அம்மாவைத் தவிர எல்லாரையும் உதைக்கும். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் வெள்ளைப் பூக் கேட்டுத்தான். அவர் தீபாவளிக்கு வந்தால் பொங்கல் முடிந்துதான் கிளம்புவார். ஆனாலும் ஆத்தா உத்தரவை யாரும் குறை சொன்னதில்லை.

திருமூர்த்திக்கு ஆத்தா மேல் நம்பிக்கை உண்டு. தன் அதிர்ஷ்டத்தின் மேல்தான் இல்லை. அதனால் மஞ்சள் பைக்குள் கையைவிட்டு, எக்ஸ்போர்ட்டில் கழித்த இரண்டு பனியன்களை எடுத்து நீட்டினான். நெஞ்சில் ஒரு கரடி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"நா மேலுக்கே துணி போடறதில்லியே கண்ணு" என்ற பூசாரி, இரண்டையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "சரி, கவலைய உடு. ரெண்டுலயும் வெள்ளைதான்."

மறுநாள் காலையில் திருமூர்த்தி கோயில் வழியாகப் போனபோது, பூசாரி வீட்டு வாசலில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. பக்கவாட்டில் நசுங்கிய செம்பு. எருமை உதைத்து நசுங்கியதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். உள்ளே நெய் மணத்தது.

"ஏனுங்க, இது எங்கூட்டுச் செம்புங்களே?"

பூசாரி மறைக்கவில்லை. "உங்கம்மா வந்துது. எம்பையன் கணக்குப் பரிச்ச எழுதி பேங்க் ஆபீசர் ஆவோணும், கடாமுடான்னு மிஷின் ஓட்டுனா எருமை வேற பால் எறக்காது, அதனால ரெண்டுலயும் செவப்பு வெய்யுங்கன்னு சொல்லுச்சு."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"சரின்னேன்."

"எனக்குஞ் சரின்னீங்களே!"

"உனக்குஞ் சரின்னுதான் சொன்னேன். கோயல்ல ஒக்காந்துட்டு ஆருகிட்டயும் இல்லேன்னு சொல்லக் கூடாது கண்ணு."

நெய்க்கு முன்னால் கரடி எம்மாத்திரம்? திருமூர்த்தி அந்த வாசலில் நின்றபடியே ஏலத்தை உயர்த்தினான்.

"உங்க ஆயுசுக்கும் ஜட்டி எம்பொறுப்புங்க."

"நா கோமணம் கட்டறவன்."

"உங்க மகனுக்குங்க. பேரனுக்குங்க. பொறக்கப் போற கொள்ளுப்பேரனுக்குங்க."

பரம்பரைக்கே ஜட்டி என்றதும் பூசாரியின் முகம் தெளிந்தது. "சரி, போ. வெள்ளைதான்."

வியாழக்கிழமை காலையில் எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். பொட்டலம் எடுக்கப் பக்கத்துத் தோட்டத்துக் குழந்தை நல்லம்மாளைக் கூட்டி வந்திருந்தார்கள். ஐந்து வயது. பாட்டி பெயரைச் சுமந்துகொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றது. அம்மா செல்லாத்தாள் கல்யாணத்துக்குப் போகிற சேலையில் வந்திருந்தாள். நெய் கொடுத்த தெம்பு முகத்தில் தெரிந்தது. வாசல் வேப்ப மரத்தில் ஊர் நோம்பித் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாய் கட்டியிருந்தது.

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்தார். நஞ்சப்பன் கும்பிட்டார். கண்ணை மூடினார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஆறுச்சாமி, இந்தத் தடவ மாத்திக் கேக்கலாம். செவப்பு வந்தா செய்யறது. வெள்ளை வந்தா வேண்டாம்."

திருமூர்த்தியின் தலையில் கல் விழுந்தது.

"அதெதுக்குங்கப்பா மாத்தோணும்? வழக்கமுன்னு ஒண்ணு இருக்குதுங்களே!"

"வெள்ளையாவே கேட்டுக் கெணத்துல தண்ணியக் காணோம். எருமை ஒதைக்குது. மாப்பிள்ள ஊட்டவிட்டு நகர மாட்டீங்கறாரு. ஆத்தா செவப்பத்தான் சரின்னு சொல்றாளோ என்னமோ, நாமதான் தப்பாப் புரிஞ்சுட்டமோ என்னமோ."

"ஏனுங்க, இத்தன நாள் இல்லாத புதுப் பழக்கம் எதுக்குங்க?" செல்லாத்தாள் குறுக்கே புகுந்தாள். அவள் கொடுத்த நெய் இப்போது மகனுக்கு மிஷின் வாங்கிக் கொடுக்கப் போகிறது.

"உங்களுக்கெல்லாம் என்ன? நா கேக்கறது ஆத்தாகிட்ட" என்றார் நஞ்சப்பன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். பரம்பரைக்கே ஜட்டி எழுதிக் கொடுத்துத் தன் தொழிலுக்குத் தானே குழி வெட்டியிருந்தான் திருமூர்த்தி. அவன் பூசாரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். பூசாரி புரியாமல் பார்த்தார். அங்கே ஒரு தட்டில் கிடந்த செவ்வரளிப் பூவைக் காட்டி மூக்கைச் சொறிந்தான். அதே நேரத்தில் இந்தப் பக்கம் செல்லாத்தாள் இருமத் தொடங்கினாள். இருமிக்கொண்டே கோயில் ஓரத்து நந்தியாவட்டைச் செடியைக் கண்ணால் காட்டினாள். அது வெள்ளைப் பூச்செடி. நேற்றுவரை வெள்ளை கேட்டவன் இப்போது சிவப்பு கேட்கிறான், சிவப்பு கேட்டவள் வெள்ளை கேட்கிறாள். பூசாரிக்கு நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்தது.

"கற்பூரம் எடுக்க மறந்துட்டனுங்க" என்று சொல்லிப் பொட்டலம் இரண்டையும் வாரிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். ஒரு கற்பூரம் எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. கரடிப் பனியனும் பரம்பரை ஜட்டியும் வேலை செய்கின்றன என்று திருமூர்த்திக்கு மூச்சு வந்தது.

பொட்டலங்கள் மறுபடி வந்தன. நல்லம்மாள் இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுதான் கண்ணு எடுக்கோணும்" என்றார் நஞ்சப்பன்.

குழந்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் ஒன்றை அவரிடம் நீட்டியது. நஞ்சப்பன் பிரித்தார். செவ்வரளி.

"ஆத்தா சொல்லீட்டா!" என்று அவர் கையை உயர்த்தினார். "வாங்கிப்போடு உன்ற மிஷினை!"

திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடம் அடுத்தவன் மிஷினில் குனிந்து தைத்த முதுகு அந்த நொடியில் நிமிர்ந்தது.

"இதுல என்ன பூ?" நல்லம்மாள் இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினாள்.

அதிலும் சிவப்பு இருந்து வெளியே வந்தால்? திருமூர்த்தி பாய்ந்தான். செல்லாத்தாளும் பாய்ந்தாள். தன் நெய்யின் வேலைதான் உள்ளே இருக்கிறது என்று அவளுக்கும் பயம். இருவர் கையிலும் சிக்காமல் பொட்டலம் எகிறி வேப்ப மரத்தடியில் விழுந்தது. கிடாய் அதை இலையோடு தின்றது.

"ஏன் ரெண்டு பேரும் குதிக்கறீங்க?" என்றார் நஞ்சப்பன்.

"உத்தரவு வந்ததுக்கப்பறம் மத்ததப் பிரிச்சாக் குத்தமுங்க" என்றாள் செல்லாத்தாள்.

"ஆமாங்கப்பா, பெரிய குத்தமுங்க." வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாயும் மகனும் ஒரே பேச்சுப் பேசினார்கள்.

பாதி வழி வந்த பிறகுதான் திருமூர்த்திக்கு உறைத்தது. அரளி! அரளி தின்ற ஆடு பிழைக்காது என்பது தோட்டத்தில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும். நேர்ந்துவிட்ட கிடாய் செத்தால் ஊர் கூடும். என்ன தின்றது, யார் போட்டது என்று கேட்பார்கள். பொட்டலக் கதை வெளியே வரும். அப்பா மிஷினைத் தூக்கிக் கிணற்றில் போடுவார், அங்கே தண்ணீர் இல்லாததால் சத்தம் பலமாகவே கேட்கும்.

வெள்ளிக்கிழமை சீனிச்சாமியிடமிருந்து மிஷினை ஏற்றி வருவதற்கு முன் ஒரு தடவை போய்ப் பார்த்தான். கிடாய் வேப்பந்தழை தின்றுகொண்டிருந்தது. இறக்கியபின் ஒரு தடவை பார்த்தான். அசை போட்டுக்கொண்டிருந்தது. சனிக்கிழமை கொஞ்சம் வெல்லம் கொடுத்துப் பார்த்தான், வெல்லத்தோடு அவன் கைக்குட்டையையும் தின்றது. விரலால் அதன் கண் இமையைத் தூக்கிப் பார்த்ததற்கு முட்டியது. நோயாளி முட்டுகிற முட்டாக அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் டஜன் ஜட்டி தைத்து முடிந்தது. மிஷின் சத்தத்துக்கு எருமை உதைக்கவில்லை, பாலும் குறையவில்லை. தையலைக் காது கொடுத்துக் கேட்டது. செல்லாத்தாளுக்கு அதுதான் பெரிய வருத்தம். திருமூர்த்தி அந்த டஜனை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பூசாரி முன்னால் வைத்தான்.

"நீங்க சமயத்துல ரெண்டையுஞ் செவப்பா மாத்துனதுக்குங்க. ஆனா அந்தக் கெடா மட்டும் ஏனுங்க சாகல? அத்தன அரளி தின்னுச்சே?"

பூசாரி ஒரு ஜட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பார்த்தார்.

"அது எங்க கண்ணு அரளி தின்னுச்சு? நந்தியாவட்டையல்ல தின்னுச்சு."

"ரெண்டுலயுஞ் செவப்பு வெக்கலீங்களா?"

"நீ மூக்கச் சொறியறே. உங்கம்மா இருமுது. ரெண்டு பேரு கையிலயும் வாங்கித் தின்னாச்சு, ஆருக்குத் துரோகம் பண்றது? அதான் ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு வெச்சுக் கொண்டாந்தேன்."

திருமூர்த்தி திகைத்துப்போய் உட்கார்ந்தான். அந்த மூக்கொழுகிக் குழந்தை கை மாற்றி நீட்டியிருந்தால் மிஷின் இந்நேரம் வேறு ஊரில் ஓடிக்கொண்டிருக்கும்.

"அப்ப... எப்பவும் போல நெசமாவே பூக் கேட்டதுங்களா?"

"எப்பவும் போலயா?" பூசாரி ஜட்டியை மடித்து வைத்தார். "உங்க கெணத்துக்கு வெட்டுக்காரன் சொல்லி வெச்சான், எருமைக்கு வித்தவன் சொல்லி வெச்சான், மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளையே வந்து சொல்லி வெச்சாரு, ஆத்தா தானா உத்தரவு குடுத்தது, எங்கய்யன் காலத்துல இருந்து இதுதான் கண்ணு மொதத் தடவ."